கண்ணாடிப் பெட்டிக்குள் தம்மையே கண்ட நால்வர்



வானொலியில் பேசுபவனை எவரும் பார்ப்பதில்லை. ஆயினும் அவனது குரல் கேட்கின்றது. உருவம் தெரியாமலும் ஒருவன் உங்கள் வீட்டு முன்கூடத்தில் இருக்கலாம் என்பதற்கு வானொலியே சாட்சி. உருவமும் தெரியாமல், குரலும் கேட்காமல் ஒருவன் ஓரிடத்தில் நின்றால் அவன் அங்கே இருக்கின்றான் என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியை 1965ஆம் ஆண்டின் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை மாலையொன்றில் பிரித்தானியத் தொலைக்காட்சி நாடகமொன்று கேட்டது. சிறுவர்களுக்கென்று எழுதப்பட்ட விஞ்ஞானக் கற்பனைதான். ஆனால் அந்தக் கற்பனைக்குப் பின்னால் ஒரு வரலாறு நின்றது. அந்த வரலாற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நாடகத்தின் பெயர் 'விண்வெளி நூதனசாலை'. பி.பி.சி. ஒளிபரப்பிய 'டொக்டர் ஹூ' என்னும் நெடுந்தொடரில் அது நான்கு வாரக் கதை. 1965 ஏப்ரல் 24 தொடக்கம் மே 15 வரை கறுப்பு வெள்ளையில் ஒளிபரப்பானது. எழுதியவர் கிளின் ஜோன்ஸ். தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் பிறந்து பிரித்தானியாவுக்கு வந்தவர். நெறிப்படுத்தியவர் மேர்வின் பின்ஃபீல்ட்.

இந்தத் தொடர் தோன்றிய கதையையும் இரண்டு வரியில் சொல்லிவிட வேண்டும். கனடாவிலிருந்து வந்து பி.பி.சி.யின் நாடகப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய சிட்னி நியூமன் என்பவரின் எண்ணத்தில் உருவாகி, வெரிட்டி லம்பேர்ட் என்ற இளம் பெண் தயாரிப்பாளரின் கையில் வளர்ந்தது இது. 1963 நவம்பர் 23ஆந் திகதி, அதாவது அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், முதல் அத்தியாயம் வெளியானது. அதனை நெறிப்படுத்தியவர் இந்தியாவின் லக்னோ நகரில் பிறந்த வாரிஸ் ஹுசைன் என்பது நம்மவர் பலரும் அறியாத செய்தி. சிறுவர்களுக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் புகட்டவேண்டும் என்பது தொடக்க நோக்கம். ஆகவேதான் காலத்தில் பயணிக்கும் முதியவரான டொக்டருடன் இரண்டு ஆசிரியர்களைச் சேர்த்துவிட்டார்கள். இயன் விஞ்ஞானம் படிப்பிப்பவர். பார்பரா சரித்திர ஆசிரியை. பின்னர் எதிர்கால நூற்றாண்டைச் சேர்ந்த விக்கி என்ற இளம் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். ஏறும் வாகனமோ லண்டன் தெருவோரங்களில் அன்று நின்ற பொலிஸ் தொலைபேசிக் கூண்டின் உருவத்தில் இருந்தது.

இனிக் கதைக்கு வருவோம். சிலுவைப் போர்க் காலத்துப் பலஸ்தீனத்திலிருந்து புறப்பட்ட நால்வரும் ஒரு கணம் சிலைகளைப் போல் உறைந்து நிற்கின்றனர். விழித்துப் பார்த்தால் அணிந்திருந்த பழங்கால உடைகளைக் காணவில்லை. வழமையான உடைகளே உடலில் இருக்கின்றன. விக்கியின் கையிலிருந்து தண்ணீர்க் குவளை விழுந்து நொறுங்குகின்றது. நொறுங்கிய துண்டுகள் தாமே ஒன்றுகூடிக் குவளையாகி, தண்ணீரோடு அவள் கைக்கே திரும்பி வருகின்றன. வெளியே இறங்கினால் எங்கும் புழுதி படிந்த நிலம். நடக்கின்றார்கள், திரும்பிப் பார்த்தால் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை. காவலர் இருவர் எதிரே வரும்போது விக்கிக்குத் தும்மல் வருகின்றது. தும்மியும் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கட்டடம் ஒரு நூதனசாலை. நால்வரும் உள்ளே போகின்றனர். காட்சிப் பொருளொன்றைத் தொட்டால் கை அதனூடே போய்விடுகின்றது. அங்கே பேசிக்கொண்டு நிற்பவர்களின் உதடுகள் அசைவது தெரிகின்றது. ஓசை எதுவும் காதில் விழவில்லை. தங்களை அவர்கள் காணவில்லை, கேட்கவில்லை. அவர்கள் பேசுவது தங்களுக்கும் கேட்கவில்லை. நடந்துகொண்டே போனால் தாங்கள் வந்த வாகனமே ஒரு காட்சிப் பொருளாக நிற்கின்றது. அதற்கப்பால் கண்ணாடிப் பெட்டிகள். அவற்றுள் கண் விழித்தபடி உறைந்து நிற்பவர்கள் வேறு யாருமல்லர். அவர்களேதான்!

டொக்டர் தரும் விளக்கம் இது: காலத்தின் தடத்தில் ஏற்பட்ட ஒரு வழுவினால் நாம் இங்கு வந்து சேர்வதற்கு முன்னரே வந்துவிட்டோம். நாம் இன்னும் இங்கு இல்லை. ஆகவேதான் தடமும் இல்லை, ஓசையும் இல்லை. பெட்டிக்குள் இருப்பது நமக்கு நேரப்போகும் முடிவு. சற்று நேரத்தில் காலம் அவர்களை எட்டிப் பிடிக்கின்றது. கண்ணாடிப் பெட்டிகள் மறைகின்றன. எங்கோ அந்தக் குவளை உடைகின்றது. இம்முறை உடைந்தபடியே கிடக்கின்றது. வெளியே புழுதியில் காலடித் தடங்கள் பதிகின்றன. காவலர் அவற்றைக் காண்கின்றனர். 'வந்துவிட்டோம்' என்ற சொல்லுக்கு இவ்வளவு அச்சமூட்டும் பொருளை வேறெங்கும் நான் கண்டதில்லை.

காணப்படாமல் நின்று காண்பது என்னும் இந்த எண்ணம் ஆங்கில இலக்கியத்துக்குப் புதியதன்று. 1843 டிசம்பரில் சார்ல்ஸ் டிக்கன்ஸ் எழுதி வெளியிட்ட நத்தார்க் கதையில் வரும் கஞ்சன் ஸ்க்ரூஜை நேயர்கள் அறிவீர்கள். ஆவி அவனைத் தன் இளமைக் காலத்துக்கு அழைத்துச் செல்கின்றது. பழைய நண்பர்களைக் கண்டு அவன் மகிழ்கின்றான். அவர்களோ அவனை அறியமாட்டார்கள். அவை கடந்தவற்றின் நிழல்கள் மட்டுமே என்று ஆவி உணர்த்துகின்றது. இறுதியில் வரும் ஆவி அவனது பெயர் பொறித்த கல்லறையைக் காட்டுகின்றது. இது கட்டாயம் நடக்கப்போவதா, அல்லது நடக்கக்கூடியது மட்டுந்தானா என்று அவன் தவித்துக் கேட்கின்றான். தன் முடிவைத் தானே கண்டவன் அதனை மாற்ற முடியுமா என்ற வினா அங்கேயே எழுந்துவிட்டது. ஸ்க்ரூஜ் கண்டது கல்லறை. நம் நால்வர் கண்டது கண்ணாடிப் பெட்டி. டிக்கன்ஸிடம் பதில் எளிது. மனம் திருந்தினால் போதும், எதிர்காலமும் திருந்திவிடும்.

ஐம்பத்திரண்டு ஆண்டுகளின் பின்னர், 1895இல், எச்.ஜி. வெல்ஸ் 'கால இயந்திரம்' என்னும் நாவலை எழுதினார். அதன் நாயகன் எட்டு இலட்சத்து இரண்டாயிரத்து எழுநூற்றோராம் ஆண்டுக்குச் சென்று, பச்சைப் பீங்கானால் இழைத்த ஒரு பாழடைந்த மாளிகைக்குள் நுழைகின்றான். அது ஒரு நூதனசாலை. புராதன விலங்குகளின் எலும்புக்கூடுகள் சிதைந்து கிடக்கின்றன. நூல்கள் கந்தலாகித் தொங்குகின்றன. நெருப்புக் குச்சிகளும் கர்ப்பூரமும் மட்டும் அவனுக்கு உதவுகின்றன. லண்டனின் சவுத் கென்சிங்டன் பகுதியின் எதிர்கால வாரிசாக அந்த இடத்தை அவன் ஊகிக்கின்றான். இதில் வியப்பில்லை. 1884இல் வெல்ஸ் மாணவராகச் சேர்ந்து தோமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்ற கல்லூரி, அந்த நூதனசாலைகளின் அருகில்தான் இருந்தது. ஒரு நாகரிகம் தன்னைப் பற்றி எவ்வளவு பெருமை கொள்கின்றதோ அவ்வளவு பெரிய நூதனசாலையைக் கட்டும். கட்டியவர்கள் அழிந்த பின்னர் அங்கே புழுதிதான் மிஞ்சும் என்பதே வெல்ஸ் சொன்ன செய்தி.

கிளின் ஜோன்ஸ் இந்த இரண்டு சரடுகளையும் சேர்த்து முறுக்கினார் என்றே நான் கருதுகின்றேன். டிக்கன்ஸிடமிருந்து வந்தது தன் முடிவைத் தானே காண்பது. வெல்ஸிடமிருந்து வந்தது புழுதி படிந்த நூதனசாலை. அவர் புதிதாகச் சேர்த்தது ஒன்றுண்டு. இந்த நூதனசாலை யாருடையது என்ற கேள்விதான் அது.

கதையில் நூதனசாலை அமைந்திருப்பது ஸெரோஸ் என்னும் கிரகத்தில். அதைக் கட்டியவர்களோ அந்தக் கிரகத்தவர் அல்லர். மோரொக் என்ற வேற்றினத்தவர் படையெடுத்து வந்து, பெரியவர்களைக் கொன்று, பிள்ளைகளை மட்டும் ஊழியத்துக்காக விட்டுவைத்துத் தமது பேரரசின் வெற்றிச் சின்னங்களை வைக்கும் களஞ்சியமாக அந்த மண்ணை மாற்றிவிட்டார்கள். கதை நடக்கும் காலத்தில் அப்பேரரசு ஒளி மங்கிவிட்டது. நூதனசாலையின் பொறுப்பாளனான ஆளுநர் லோபோஸ், பதவிக்காலம் எப்போது முடியும், எப்போது ஊர் திரும்பலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கும் சலிப்புற்ற அதிகாரி. ஸெரோன் இளைஞர்கள் தமது மண்ணிலேயே ஒளிந்து வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவனுக்கு 'சீட்டா' என்று பெயர்.

இது ஒளிபரப்பான ஆண்டை மறந்துவிடக்கூடாது. 1957இல் கானாவும் 1960இல் நைஜீரியாவும் 1963இல் கென்யாவும் சுதந்திரம் பெற்றுவிட்டன. 1965 பெப்ரவரி 18ஆந் திகதி கம்பியாவில் பிரித்தானியக் கொடி இறங்கியது. அதற்கு இரண்டு மாதங்களின் பின்னர் இந்த நாடகம். சூரியன் மறையாத பேரரசின் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் அமர்ந்து, வீழ்ந்துகொண்டிருக்கும் ஒரு பேரரசின் நூதனசாலைக் கதையைப் பார்த்தார்கள். பெட்டிக்குள் நின்றவர்களோ அவர்களது சொந்த ஆசிரியர்கள்! மற்றவர்களைப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்துப் பழகியவர்களுக்குத் தம்மைப் பெட்டிக்குள் காட்டியதே இந்தக் கதையின் உண்மையான திகில் என்பேன்.

நேயர்களே, 'மனிதரைப் பெட்டிக்குள் வைப்பதா? அது வெறும் கற்பனை' என்று நீங்கள் நினைக்கலாம். கற்பனையன்று. கிளின் ஜோன்ஸ் பிறந்த தென்னாபிரிக்காவிலிருந்தே தொடங்குகின்றேன். கொய்கொய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் என்ற பெண்ணை 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய், பிக்கடிலி வீதியில் கட்டணம் வாங்கிக் காட்சிப்படுத்தினார்கள். பின்னர் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். 1815 டிசம்பரில் அங்கேயே அவர் இறந்தார். இறந்த பின்னராவது விட்டார்களா? ஜோர்ஜ் கூவியே என்ற பெரும் விஞ்ஞானி அவ்வுடலை வார்ப்பெடுத்து, அறுத்து ஆராய்ந்து, எலும்புக்கூட்டைத் தனியே எடுத்து வைத்தார். அந்த எலும்புக்கூடு பாரிஸ் நகரின் 'மனித நூதனசாலை'யில் 1974 வரை மக்கள் பார்வைக்கு இருந்தது.

மற்றையது அவுஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான தஸ்மேனியாவில் நடந்தது. அங்கு வாழ்ந்த ஆதிக்குடிப் பெண் ட்ருகனினி. 1869இல் அவரது இனத்தவரான வில்லியம் லான் இறந்தபோது, விஞ்ஞானத்தின் பெயரால் போட்டி போட்டுக்கொண்டு அவ்வுடலைச் சிதைத்தார்கள். அதை அறிந்த ட்ருகனினி அஞ்சினார். தன் உடலை வெட்டவேண்டாம், தன் சாம்பலைக் கடற்கால்வாயில் கரைத்துவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டார். 1876 மே மாதம் அவர் இறந்தார். புதைத்த உடலை இரண்டே ஆண்டுகளில் தோண்டி எடுத்தார்கள். 1904 தொடக்கம் 1947 வரை அவரது எலும்புக்கூடு ஹோபார்ட் நூதனசாலையில் காட்சிக்கு நின்றது. அவரை அவ்வினத்தின் கடைசி மனிதர் என்றும் எழுதிவைத்தார்கள். அதுவும் பொய். தஸ்மேனிய ஆதிக்குடியினரின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றார்கள். எலும்பைக் காட்டி, உயிரோடிருப்பவர்களை இல்லையென்று சொன்ன கதை அது.

ட்ருகனினியைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அந்த நான்கு காலப் பயணிகளே நினைவுக்கு வருகின்றனர். தன் கண்ணாடிப் பெட்டியை முன்கூட்டியே கண்டவர் அவர். அதற்குக் கால இயந்திரம் தேவைப்படவில்லை. தன் இனத்தவர் ஒருவரின் சாவே போதுமாயிருந்தது. கண்டார், கதறிச் சொன்னார். கேட்க ஆளில்லை. 1965 ஏப்ரலில் அந்த நாடகம் ஒளிபரப்பானபோது சாராவின் எலும்புக்கூடு பாரிஸில் பார்வையாளர் முன்னே நின்றது. ட்ருகனினியின் எலும்புகள் ஹோபார்ட்டில் நூதனசாலையின் வசமே இருந்தன. வரவேற்பறையில் கதை ஓடியது. வெளியே உண்மை அப்படியே நின்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். டிக்கன்ஸின் ஸ்க்ரூஜுக்கு நிழல்களின் பேச்சுக் கேட்டது. நிழல்களுக்குத்தான் அவனைக் கேட்கவில்லை. 1965ஆம் ஆண்டுக் கதையிலோ இரண்டு பக்கமும் மௌனம். நூதனசாலைக் கண்ணாடியின் இயல்பே அதுதான். உள்ளே இருப்பது நம்மைப் பார்த்துப் பேசாது. அதன் பேச்சை நாம் கேட்கவும் வழியில்லை. அதற்காகப் பேசுவது அருகில் ஒட்டிய சிறு விபரத் துண்டு மட்டும். அதை எழுதியவர் யார் என்பதில்தான் எல்லாமே தங்கியிருக்கின்றது.

சரி, நால்வரும் எப்படித் தப்பினார்கள்? நாடகத்தின் பிந்திய மூன்று அத்தியாயங்கள் முதலாவதைப் போல் இறுக்கமானவை அல்ல. ஓடுவதும் ஒளிவதும் பிடிபடுவதுமாகப் போகின்றன. பாதை தெரியாத தாழ்வாரங்களில் வழிக்கு அடையாளம் வைக்க, பார்பராவின் கம்பளிச் சட்டையைப் பிரித்து நூலாக்குகின்றார் இயன். எந்த வழியில் திரும்பினால் பெட்டியிலிருந்து தப்பலாம் என்று வாதிடுகின்றனர். எந்த வழியும் பெட்டிக்கே போகலாம் அல்லவா என்று சோர்கின்றனர். இந்தத் தவிப்பு மட்டும் கடைசி வரை உண்மையாக ஒலிக்கின்றது.

விடை கிடைப்பது விக்கியிடமிருந்து. மற்றவர்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடும்போது அவள் ஸெரோன் இளைஞர்களைச் சந்தித்து அவர்களது கதையைக் கேட்கின்றாள். ஆயுதக் களஞ்சியத்தின் கதவைக் காப்பது கேள்வி கேட்கும் ஓர் இயந்திரம். பதில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. ஆள்பவர்களின் அனுமதிக்குப் பொருந்தியதாகவும் இருக்கவேண்டும். விக்கி அதன் கம்பிகளை மாற்றி, உண்மையைச் சொன்னாலே கதவு திறக்கும்படி செய்துவிடுகின்றாள். ஆயுதம் எதற்கு என்று இயந்திரம் கேட்கின்றது. புரட்சிக்கு என்பது பதில். கதவு திறக்கின்றது! ஸெரோன்கள் எழுகின்றனர், மோரொக்குகள் வீழ்கின்றனர், நால்வரும் பெட்டியிலிருந்து தப்புகின்றனர். தங்கள் எதிர்காலத்தை அவர்கள் தனியே மாற்றவில்லை. அந்த மண்ணுக்குரியவர்களின் குரல் வெளிவந்தபோது அவர்களது எதிர்காலமும் கூடவே மாறியது. டிக்கன்ஸுக்குத் தனிமனிதன் திருந்துவது போதுமாயிருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த இந்தச் சிறுவர் நாடகம் அது போதாது என்று சொல்லிவிட்டது.

வரலாறும் ஏறக்குறைய அப்படியேதான் நடந்தது. ட்ருகனினியின் உடல் 1976 ஏப்ரலில், அவர் இறந்து நூறு ஆண்டு நிறைவதற்குச் சற்று முன்னர், தகனம் செய்யப்பட்டு, அவர் கேட்டபடியே கடலில் கரைக்கப்பட்டது. அவரது தோல், மயிர் ஆகியவற்றின் மாதிரிகள் இங்கிலாந்தின் அறுவை வைத்தியர் கல்லூரியிலிருந்து 2002இல்தான் திரும்பின. சாரா பார்ட்மனைத் திருப்பித் தருமாறு நெல்சன் மண்டேலா ஜனாதிபதியான பின்னர் தென்னாபிரிக்கா கேட்டது. ஆண்டுகள் இழுபட்டன. அப்போது ஒரு கவிதை குறுக்கே வந்தது. டயானா ஃபெரஸ் என்ற தென்னாபிரிக்கப் பெண் கவிஞர், சாராவை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கின்றேன் என்னும் பொருளில் 1998இல் ஒரு கவிதை எழுதினார். பிரெஞ்சு செனட் உறுப்பினர் ஒருவர் தாம் கொண்டுவந்த சட்டமூலத்தோடு அந்தக் கவிதையையும் சேர்த்துக்கொண்டார். 2002இல் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு ஓகஸ்ட் 9ஆந் திகதி சாரா தன் சொந்த மண்ணில் அடக்கஞ் செய்யப்பட்டார். விஞ்ஞானி பூட்டிய பெட்டியைத் திறப்பதற்குக் கவிஞரின் சொல்லும் ஒரு சாவியானது. இலக்கியத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வதற்கு வைத்திருக்கும் பதில்களில் இது ஒன்று.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1765இல் ஒல்லாந்தர் படை கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது கொண்டுபோன, பொன்னும் வெள்ளியும் இரத்தினமும் இழைத்த லெவ்கே பீரங்கி, நெதர்லாந்தின் ரைக்ஸ் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தது. வேறு ஐந்து பொருட்களுடன் அது 2023இல் இலங்கைக்குத் திரும்பி வந்தது. பீரங்கி பேசாது, ஆனால் அதன் அருகில் எழுதப்படும் விபரத் துண்டை இனி எழுதுபவர் வேறு.

நாடகத்தின் முடிவில் ஸெரோன்கள் நூதனசாலையை உடைத்து அகற்றுகின்றார்கள். உடைப்பதுதான் வழியா என்று நான் யோசித்ததுண்டு. பழையதை உடைத்தால் ஆள்பவனின் பெருமையோடு அடக்கப்பட்டவனின் சான்றும் போய்விடும். அழிந்ததைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதை பி.பி.சி.யே காட்டியது. அந்தத் தொடரின் பழைய ஒளிநாடாக்கள் பலவற்றை அந்நிறுவனமே அழித்துவிட்டது. 'விண்வெளி நூதனசாலை' நான்கு அத்தியாயமும் தப்பியது. அதற்கு முந்திய சிலுவைப் போர்க் கதையின் நான்கில் இரண்டுக்குப் படம் இல்லை. ஆனால் குரல் இருக்கின்றது. அன்று வீடுகளில் இருந்த நேயர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்துகொண்டதால் தப்பிய குரல் அது. உருவம் அழிந்த பின்னரும், எங்கோ ஒருவர் காது கொடுத்ததால் அது வாழ்கின்றது.

சாராவுக்கும் ட்ருகனினிக்கும் அப்படிக் காது கொடுக்க ஆள் கிடைக்க ஒரு நூற்றாண்டும் அதற்கு மேலும் ஆனது. அடுத்த முறை எந்த நூதனசாலைக்குள் நீங்கள் போனாலும் கண்ணாடிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு உடனே நகர்ந்துவிடாதீர்கள். அதன் விபரத் துண்டை வாசியுங்கள்; அதை எழுதியது யார், எழுதாமல் விட்டது எதை என்று கேளுங்கள்.